மூடச் சொன்ன கிணறு

"பம்ப் ரிப்பேரா? இப்பவா?"

மேலாளர் போட்ட சத்தம், எண்ணெய்க் கிணறு தோண்டும் அந்தப் பொட்டல் முழுக்கக் கேட்டது. அவர் கையில் போன். லைனில் தலைமை அலுவலகம்.

சிமென்ட் பம்ப் ஓட்டுகிறவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். "வால்வு போயிடுச்சு சார். ரெண்டு நாள் ஆகும்."

"சிமென்ட் ஊத்திக் கிணத்தை மூடுன்னு மேலேருந்து உத்தரவு. நீ ரெண்டு நாளுங்கிற! உனக்கெல்லாம் யாருய்யா வேலை குடுத்தது?"

அத்தனை பேர் முன்னால், வயதில் மூத்தவரை இப்படியா? பாறை ஆராயும் நிபுணரான இளம்பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

காலையில் அவளுக்கும் இதே பாட்டுதான். "மூவாயிரம் மீட்டர்ல ஒண்ணுமில்லதான் சார். ஆனா வழியில, ரெண்டாயிரத்துல, சேத்தோட கேஸ் வந்துச்சே! அதை ஒரு தடவை சோதிச்சிடலாமே?" என்று கெஞ்சினாள்.

"ஏற்கெனவே மூணு கிணறு கையை விரிச்சிடுச்சு. போதும்மா."

இதையும் மூடிவிட்டால் எல்லோருமே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இப்போது துணிந்து மறுபடி கேட்டாள். "பம்ப் சரியாகிற வரைக்கும் சும்மாதானே சார் நிக்கப்போறோம்? அந்த இடத்தை..."

"என்னத்தையோ பண்ணித் தொலைங்க!"

மறுநாள் மதியம் சோதனைக் கருவி கிணற்றுக்குள் இறங்கியது. வெளிக்குழாயில் முதலில் வெறும் காற்று. அரை மணி நேரம் கழித்து ஓர் உறுமல். பற்றவைத்ததும் இரண்டு மாடி உயரத்துக்குத் தீ எழுந்தது. சாயங்காலம் வரை தணியவே இல்லை.

"அம்மா, இப்போதைக்கு நான் வீட்டுக்கு வரல!" என்று போனில் சிரித்துக்கொண்டே அழுதாள் அவள்.

பக்கத்திலேயே இன்னும் நாலு கிணறுகளுக்கு இடம் பார்க்கச் சொல்லிவிட்டது தலைமை அலுவலகம்.

டீயோடு பம்ப் ஓட்டுகிறவரைத் தேடிப் போனாள்.

"அண்ணே, உங்க பம்ப் மட்டும் மக்கர் பண்ணலன்னா நம்ம பாடு அதோகதி. ஆனாலும் அந்த மனுஷன் உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஒரு மன்னிப்பாவது கேட்டாரா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பம்புக்கு ஒண்ணுமே இல்லம்மா. 'ஹெட் ஆபீஸ் லைன்ல இருக்கும்போது ரெண்டு நாள் ரிப்பேருன்னு சொல்லுங்கண்ணே, எல்லார் முன்னாடியும் கண்டபடி திட்டுவேன், மனசுல வச்சுக்காதீங்க'ன்னு அவர்தான் முன்னாடியே வந்து என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு!"