பொம்மை நோயாளியின் கட்டில்

"பொம்மைக்கு வலிக்குமாம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். ஒஹாயோவின் நர்சிங் கல்லூரித் தேர்வறையில், லோரெட்டா இப்போது நோயாளியாகக் கிடத்தியிருக்கும் பயிற்சிப் பொம்மையின் வெயில் விழுந்த ரப்பர் கையை மெல்லத் தடவுகிறாள். இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த விரைவுப் படிப்பு. இன்று தவறினால் ஓராண்டு போய்விடும். கர்த்தரை நினைத்துக்கொள்கிறாள். "மிஸ்டர் பார்க்கர், நான்தான் உங்க நர்ஸ். லேசா சுருக்குனு இருக்கும், சரியா?" பொம்மையிடம் பேச மறந்து, ஊசியைச் சரியாகப் போட்டும் தோற்றவர்கள் உண்டு. அவள் ஊசியை நேராக இறக்குகிறாள். "பாஸ் ஆயிட்டே, லோரெட்டா! என் வீட்டுக்காரர்கூட என்கிட்ட இவ்வளவு பிரியமாப் பேசினதில்ல," என்று சிரித்தபடி தேர்வு நடத்தும் ஆசிரியை வெளியே போகிறார். அடுத்தது கூடப் படிக்கும் ஹன்னாவின் முறை. லோரெட்டா படிக்கட்டும் என்று, காய்ச்சலில் கிடந்த அவள் மகளை இரண்டு நாள் பார்த்துக்கொண்டவள். கலைந்த கட்டிலைச் சீர்செய்வதிலேயே அடுத்தவரின் தேர்வு நேரத்தில் ஐந்து நிமிடம் கரைந்துவிடும். ஆளில்லாத அறையில் லோரெட்டா புது விரிப்பை விரித்து, சுருக்கங்களை நீவிவிட்டு, ஓசையின்றிக் கதவைச் சாத்துகிறாள்.