மூக்கு சரியான நாள்

அலுவலகத்தில் அவருக்குத் 'தும்மல் சார்' என்று பெயர். தூசி, ஏசி காற்று, யாராவது பூசி வந்த சென்ட், எது பட்டாலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும். ராத்திரி மூச்சடைத்துத் தூக்கமும் கிடையாது.

"உங்களோட சேர்ந்து எனக்கும் தூக்கம் போச்சு. டாக்டர்கிட்ட போய்த்தான் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

போனார். ஒரே மாதத்தில் மூக்கு திறந்தது. விடியும்வரை தூங்கினார். காலையில் தெளிந்த முகத்தோடு தன் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே இருந்த கணக்கரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லாம, வேலைய விட்டுப் போன்னு சொல்றீங்களே, நீங்கல்லாம் மனுஷனா?" கணக்கர் நாற்காலியை உதைத்துத் தள்ளியதில் மொத்த அலுவலகமும் திரண்டுவிட்டது.

மேலாளர் தும்மல் சாரை உள்ளே அழைத்தார். "இதுவரைக்கும் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீங்க, ஒருத்தராவது சத்தம் போட்டாங்களா? உங்க கண்ணைப் பாத்துட்டு, அவங்கதான் உங்களுக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போவாங்க."

"சார், அது வியாதி சார்."

"இந்த வேலைக்கு அதுதான் சார் தகுதி. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்."

அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தது. கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது.

மேலாளர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். "என்ன சார், மூக்கு மறுபடி ஆரம்பிச்சிடுச்சா?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். முடிந்தவரை சத்தமாக ஒரு தும்மல் தும்மிக் காட்டினார்.