ரெண்டு காருக்கு ஒரு லிஃப்ட்

"அம்மாவுக்கு லிஃப்ட் வைக்க இடமில்லைன்னீங்க. காருக்கு வைக்க மட்டும் இடம் வந்துடுச்சாப்பா?"

அடையாறிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கிய ஷ்ரேயா, கார் ஷெட் வாசலிலேயே நின்று கேட்டாள்.

உள்ளே அவள் அப்பா சிதம்பரநாதன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மறுமுனை, ஒரு காரைத் தூக்கி அதன் அடியில் இன்னொன்றை நிறுத்தும் கார் லிஃப்ட் கம்பெனியிலிருந்து வந்திருந்த மதிவாணன் கையில்.

"கொஞ்சம் இரும்மா. அளந்துகிட்டிருக்கோம்ல?"

அபிராமபுரத்தில் தாத்தா கட்டிய வீடு அது. பாகம் பிரித்தபோது கீழ்த்தளம் சித்தப்பாவுக்குப் போனது. மாடியும் கார் ஷெட்டும் அப்பாவுக்கு. ஷெட்டில் ரெண்டு பழைய கார்கள். அறுபத்தெட்டாம் வருஷத்து ஹெரால்ட் ஒன்று. அதைவிடப் பத்து வயது சின்னதாக ஒரு ஃபியட்.

மாடியில் அம்மா சாருலதா. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து எட்டு மாதமாகப் படி இறங்கவில்லை. மாடிப்படி குறுகல். பக்கச் சந்தில் ஒரு ஆள் நடந்தாலே தோள் இடிக்கும். வீட்டு லிஃப்ட் போடுகிறவர்கள் மூன்று பேர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ரெண்டு தூண் மாடல் இடத்தை அடைக்காது சார்," என்றார் மதிவாணன். "ஆனா அது காரை அடிவயித்துல பிடிச்சுத் தூக்கும். சக்கரம் அந்தரத்துல தொங்கும். ஒர்க் ஷாப்புக்குச் சரி. மாசக்கணக்கா நிக்கற பழைய வண்டிக்கு நாலு தூண்தான் நல்லது. தரையில நிக்கற மாதிரியே நிக்கும்."

"சத்தம் வருமா?"

"ஏத்தும்போது கொஞ்சம் வரும்."

"பாதியில கரண்ட் போயிட்டா?"

"பூட்டு விழுந்துடும் சார். அங்கேயே நிக்கும்."

"மேல நிக்கற வண்டியிலேர்ந்து ஆயில் சொட்டினா?"

"நடுவுல தட்டு வெச்சுத் தர்றோம்."

ஷ்ரேயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வண்டிக்கு ஒரு கீறல் விழக்கூடாதுன்னு இத்தனை கேள்வி! மேல ஒருத்தி எட்டு மாசமா அதே ஜன்னல்ல உக்காந்து அதே மாமரத்தைப் பாத்துகிட்டிருக்கா. ஒண்ணையாவது வித்துத் தொலைங்களேன்."

"எதைம்மா விக்கலாம்? நீயே சொல்லு."

ஷ்ரேயா திரும்பிப் பார்த்தாள்.

ஹெரால்டில்தான் அவளைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சரி, ஃபியட்? அது அம்மாவின் வண்டி. கிண்டி ரேஸ்கோர்ஸ் பக்கம் ஓட்டப் பழகி, முதல் வாரமே ஒரு இளநீர் வண்டியில் போய் முட்டியவள் அம்மா.

அப்புறம் அந்த மழை நாள். தி.நகர் சப்வேக்குள் ஃபியட் நின்றுவிட்டது. பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தன. யூனிஃபார்மில் இருந்த ஷ்ரேயா அழ ஆரம்பித்தாள். அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி, பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "அழாதே, இவ என்னைக் கைவிட மாட்டா" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பினாள். ஸ்கூல் பெல்லுக்கு முன்னால் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

ஷ்ரேயாவின் கை தானாகவே ஃபியட்டின் கதவைத் தடவியது.

"சார், அந்த வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுங்க, தரையைப் பாக்கணும்," என்றார் மதிவாணன்.

அப்பா ஃபியட்டை ஸ்டார்ட் செய்தார். ரெண்டு தடவை இருமி, மூன்றாவதில் பிடித்தது.

மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "சோக்கை இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அப்பா சிரித்தார். ஷ்ரேயாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மதிவாணன் தரையைத் தட்டிப் பார்த்தார். கூரை உயரத்தை மறுபடி அளந்தார். ரெண்டு காரின் உயரத்தையும் கூட்டிப் போட்டார்.

"வெக்கலாம் சார். கீழே ஒண்ணு, மேல ஒண்ணு. அப்புறமும் அரை அடி மிச்சம்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் வியாபாரத்துக்கு நானே குறுக்க நிக்கறேன். ஷெட் அகலம் இருபது அடி. ரெண்டு காரும் பக்கத்துல பக்கத்துல தாராளமா நிக்குது. எதுக்கு சார் ஒண்ணு மேல ஒண்ணு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்," என்றாள் ஷ்ரேயா.

அப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, ஃபியட்டின் பானெட் மேல் விரித்தார். இன்ஜினியர் போட்ட பிளான். ஷெட்டின் நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் லிஃப்ட். அந்தப் பக்கம் ஒரு கட்டில், பிடித்து நடக்கக் கம்பி வைத்த பாத்ரூம், தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். வாசலில் ஒரு படிகூட இல்லை.

"போன தடவை வீட்டு லிஃப்ட் வரப்போகுதுன்னு சொன்னதும், உங்கம்மா கபாலி கோயிலுக்குப் போகணும்னு புடவைகூட எடுத்து வெச்சுட்டா. நடக்காதுன்னு தெரிஞ்சப்போ ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. அதான், உயரம் சரியா வருதான்னு தெரியாம உன்கிட்டகூட வாயைத் திறக்கலை. ஒரே ஒரு தடவை நாற்காலியோட தூக்கி இறக்கிட்டா, அப்புறம் அவளுக்குப் படியே வேண்டாம்."

காகிதத்தை நீவி விட்டபடியே சொன்னார்.

"கார் மேல போனாத்தாம்மா, உங்கம்மா கீழ வர முடியும்."