எழுந்து எழுந்து போனவள்

"இந்தப் பொண்ணு உள்ள போயி போனப் பாத்துட்டு வந்து ஆடுது மேடம். நீங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!"

கொளஞ்சியப்பன் போட்ட சத்தத்தில் சிதம்பரம் கல்யாண மண்டபத்தில் செஸ் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். அவருக்கு எதிர் நாற்காலி மறுபடியும் காலி. ஜெயராணி என்ற அந்தப் பெண் காயை நகர்த்துவதும், விறுவிறுவென்று பின்பக்க அறைக்குப் போவதுமாக இருந்தாள்.

நடுவர் மலர்க்கொடி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "போனெல்லாம் ஒண்ணுமில்ல சார். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போறாங்க. நீங்க ஆடுங்க."

"அப்ப அங்க என்னதான் பண்ணுது?"

"அது அவுங்க சொந்த விஷயம்."

அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தது இந்த அவமானத்துக்கா? வெள்ளைக் காயோடு உட்கார்ந்தால் கடலூர் மாவட்டத்தில் அவரை அசைக்க ஆள் கிடையாது. இவளோ கருப்பு. முதல் நகர்த்தலிலேயே ராஜாவின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, பிரெஞ்சு டிஃபென்ஸ் என்று அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்.

ஜெயராணி திரும்பி வந்தாள். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே யானையை எடுத்து, அவர் ராஜாவுக்குக் காவல் நின்ற குதிரையை வெட்டினாள்.

கொளஞ்சியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யானையைப் பலி கொடுத்துக் கோட்டையைப் பிளக்கும் இந்த வழி அவர் ஆடி ஆடிப் பதமாக்கியது. அதைத் தன் மகன் ஒருவனுக்குத்தான் காட்டியிருந்தார். அவன் வீட்டை விட்டுப் போனதிலிருந்து, அவன் பேரையோ அவனைச் சேர்ந்த யார் பேரையோ எவரும் தன் காதில் போடக் கூடாது என்பது அவர் உத்தரவு.

அதற்கப்புறம் அவர் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. கருப்பு ராணியும் மந்திரியும் விரட்டி விரட்டி மூலையில் மடக்கின.

"செக்மேட்," என்று ஜெயராணி கையை நீட்டினாள். அவர் தொடவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த அறைக்கே போனாள்.

பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினார். "வெளிய வா! உள்ள யார வச்சிக்கிட்டு ஆடுற?"

கதவு திறந்தது. ஜெயராணியின் தோளில் ஒரு கைக்குழந்தை. பால் குடித்த வாய்கூட இன்னும் துடைக்கப்படவில்லை.

ஒரு நொடி அவர் குரல் இறங்கியது. "புள்ளைக்குப் பால் குடுக்கத்தான் போறேன்னு மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" உடனே மறுபடி ஏறியது. "சரி, அது போவட்டும். அந்த யானை வெட்டு... அத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? உண்மையச் சொல்லு!"

ஜெயராணி அவரை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணிலும் கோபம் குறையாமல் இருந்தது. குழந்தையின் முகத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பினாள்.

"இவங்கப்பாதான், மாமா."