எழுபது நிமிட எரிபொருள்

“துணி காயப் போட்டா அரை மணியில மொறமொறன்னு ஆயிடும்க்கா. வானம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு.”

கைப்பேசியில் அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு மூச்சு சீரானது. ஏரிக்கரை விமான நிலையத்து வானிலைக்காரன் எப்போதும் இப்படித்தான் பேசுவான். போன மாதம் காற்று எப்படி என்று கேட்டதற்கு, “குடை விரிச்சா குடையோட நானும் அங்க வந்துடுவேன்” என்றவன்.

“நல்லா பார்த்துச் சொல்றியா தம்பி?”

“நிமிர்ந்து பார்த்துட்டுத்தான் பேசறேன், கண்ணு கூசுது. அப்புறம் அக்கா, ஒண்ணு…”

“பின்னாடி பேசறேன்ப்பா” என்று துண்டித்தாள். வானொலித் தொடர்பில் விமானத்தின் கேப்டன் காத்திருந்தார்.

அவளுக்கு வேலை தரையில்தான். எந்த விமானம் எவ்வளவு எரிபொருளோடு கிளம்பலாம், இறங்க முடியாமல் போனால் எந்த ஊருக்குத் திரும்பலாம் என்று கணக்குப் போட்டு, வானத்தில் இருப்பவருக்கு வழி சொல்லும் வேலை. காலை எட்டு மணிக்கே விலகும் என்று சொல்லியிருந்த மூடுபனி, ஒன்பதரை ஆகியும் இந்த ஊர் ஓடுபாதையை விட்டு எழுந்திருக்கவில்லை. நூற்று அறுபத்து மூன்று பேரோடு ஒரு விமானம் அரை மணியாகத் தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது எழுபது நிமிட எரிபொருள்.

“கடற்கரை ஊருக்கே போயிடலாம்னு பார்க்கறேம்மா” என்றார் கேப்டன். “அங்க பனியே வராது.”

“நாப்பது நிமிஷம் பறக்கணும் சார். போய்ச் சேரும்போது அரை மணிக்குத்தான் கையில இருக்கும். ஏரிக்கரைன்னா பதினஞ்சே நிமிஷம்.”

“அந்த ஊர் வானிலை அறிக்கை முக்கால் மணி பழசாச்சே. பனி விஷயத்துல அது போன ஜென்மம்.”

“இப்பதான் பேசினேன் சார். நம்ம ஆள் கண்ணால பார்த்துச் சொல்றான்.”

ஏரிக்கரையும் கடற்கரையும் எதிரெதிர்த் திசைகள். ஒன்றுக்குத் திரும்பினால் இன்னொன்றை மறந்துவிட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“சரி. உன் வார்த்தையை நம்பித் திரும்பறேன்.”

பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள். “மெஷின் சொன்னா நம்ப மாட்டே. தம்பி சொன்னா மட்டும் வேதவாக்கு!”

“மெஷினுக்குக் கண்ணு ஏதுடி?”

ஒன்பது வருடப் பழக்கம் அது. அங்கே கருவிகள் மாடியில், தொலைபேசி கீழே. எத்தனை முறை மணியடித்தாலும் யாரும் எடுப்பதில்லை என்பதால், அவனுடைய கைப்பேசிக்கே கூப்பிட ஆரம்பித்தாள். மலையின் இந்தப் பக்கச் சரிவில் வீடு, அந்தப் பக்கம் வேலை என்று தினமும் இருபது வளைவுகள் ஏறி இறங்குகிறவன் என்பதைத் தவிர அவனைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியாது. முகம் பார்த்ததே இல்லை.

திரையில் விமானத்தின் புள்ளி மெல்ல மலையை நோக்கி நகர்ந்தது. மலையைத் தாண்டினால்தான் அந்த ஊர்க் கட்டுப்பாட்டு டவரின் குரல் கேப்டனுக்கு எட்டும். அதுவரை அவள் வார்த்தை ஒன்றுதான் அவருக்குத் துணை.

தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது. ஏதோ ஒன்று உறுத்தியது. எவ்வளவு கேலி பேசினாலும் கடைசியில் அவன் எண்களை வாசிப்பான்: வெப்பம், ஈரம், எத்தனை மீட்டர் தெரிகிறது. இன்று ஓர் எண்கூடச் சொல்லவில்லை. நான்தானே பாதியில் வைத்துவிட்டேன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். உறுத்தல் போகவில்லை.

வானொலி கரகரத்தது.

“என்னம்மா இது? மலையைத் தாண்டினா ஏரிக்கரைப் பக்கம் பாலைக் கொட்டின மாதிரி இருக்கு. அந்த அறிக்கை அனுப்பின கையோட மூடிடுச்சாம். டவர்லேர்ந்து எதிர்ல இருக்கற ஓடுபாதையே தெரியலயாம்.”

அறிக்கை அனுப்பிய கையோடா? அப்படியென்றால் அவன் நிமிர்ந்து பார்த்தது எதை?

“சார், கடற்கரைக்கு…”

“இங்கேர்ந்து ஒரு மணி நேரம். என்கிட்ட அம்பத்தி மூணு நிமிஷம்தான் இருக்கு.” கேப்டன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. “ரெண்டு தடவை இறங்கிப் பார்ப்பேன். எப்ப விலகும்னு மட்டும் உன் ஆள்கிட்ட கேட்டுச் சொல்லும்மா.”

பக்கத்து மேஜைக்காரி சிரிப்பை எப்போதோ நிறுத்தியிருந்தாள். அறையில் அத்தனை பேரும் அவள் விரல்களையே பார்த்தார்கள். அதே எண்ணை அழுத்தினாள்.

“தம்பி, ஓடுபாதைப் பக்கம் பாரு. எந்த மூலையிலயாவது பனி விலகுதா? சீக்கிரம் சொல்லு!”

மறுமுனையில் ஈரத் துணியை உதறும் சத்தம் கேட்டது.

“ஓடுபாதையா? இன்னிக்கு எனக்கு லீவுக்கா, வீட்டு மாடியில இருக்கேன்.”