எட்டாவது படி

கேள்வி அவளுக்குத்தான். பதில் சொன்னது அண்ணன் சூசை.

"மூணுன்னு போட்டுக்கோங்க மேடம். வாழாவெட்டியா வந்து நிக்கா. வேற என்னத்தச் சொல்ல."

கணக்கெடுக்க வந்த பெண் எதையும் போடவில்லை. மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நாடு முழுக்க மக்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கேட்டு வருகிறார்களாம். வீட்டுக்கு ஓர் ஆள். குலுக்கலில் இந்த வீட்டில் இன்னாசியம்மாள் பெயர் விழுந்திருந்தது.

திரையில் ஓர் ஏணி. அடியில் பூஜ்யம், அதைவிடக் கேடான வாழ்க்கை இல்லை. உச்சியில் பத்து, அதைவிட நல்ல வாழ்க்கை இல்லை.

நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

இப்படி அவளை யாரும் கேட்டதில்லை. புருஷன் வீட்டுக்கு எப்போது திரும்பிப் போகிறாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அவள் யோசித்தாள்.

அடி விழாமல் விடிகிற காலை. துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி, அதன் ஸ்டியரிங்கில் தன் கை. முதல் நாள் அவள் ரிவர்ஸ் எடுத்தபோது சிரித்தவர்கள் இப்போது ஒதுங்கி வழி விடுகிறார்கள். சாப்பிடும்போது யார் முகத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

முழங்கால் வலியைக் கழித்துக்கொண்டாள். சில நேரம் காரணமில்லாமல் வரும் அழுகையையும்.

"எட்டு."

சூசை சிரித்தான். மேடத்துக்கு நேரமாகிறது, விளையாடாமல் உள்ளதைச் சொல் என்றான்.

"உள்ளதத்தான் சொல்லுதேன் அண்ணே. எட்டு."

அந்தப் பெண் திரையைத் தொட்டாள். அடுத்த கேள்வி வந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் எந்தப் படியில் இருந்தீர்கள்?

இன்னாசியம்மாள் அண்ணனைப் பார்த்தாள். கல்யாணம் பேசி முடித்தது அவன்தான். நெற்றியில் தையலோடு முதல் தடவை வந்து நின்றவளைத் திரும்ப பஸ் ஏற்றிவிட்டதும் அவன்தான்.

சூசை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெதுவாகத்தான் சொன்னாள்.

"பூஜ்யம்."

சூசை எழுந்து வெளியே போனான்.

அன்று சாயங்காலம் துறைமுக வாசலில் ஐஸை இறக்கிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள். பக்கத்து டீக்கடையில் சூசை நாலைந்து பேரோடு நின்றிருந்தான். அவளை அவன் கவனிக்கவில்லை. அந்தச் சந்தோஷக் கணக்கைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் தன் வீட்டில் ஐந்து என்று சொன்னதாகச் சொன்னார். இன்னொருவர் வீட்டில் நாலு. அதுவே அதிகம் என்று அவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

சூசை கிளாஸைக் கீழே வைத்தான்.

"எங்க வீட்டுல எட்டு."

சிரிப்பு நின்றது. எட்டு சொன்னது யார் என்று கேட்டார்கள்.

"என் தங்கச்சி. ஐஸ் வண்டி ஓட்டுதால்லா, அவதான்."

இன்னாசியம்மாள் சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.