கீறின வரி

அந்தப் பாட்டில் அரசாங்கத்துக்கு ஆகாதது ஒரே ஒரு வரிதான். போலீஸ்காரர் கண்முன்னாலேயே மைக்செட் சேசுராசு இசைத்தட்டில் அந்த வரி இருந்த இடத்தை ஆணியால் கீறிவிட்டான். ஊசி அதைத் தாண்டிப் போய்விடும் என்று நம்பித்தான் பண்ணையார் வீட்டுக் கல்யாணத்தில் அந்த இசைத்தட்டைப் போட்டான். ஊசி தாண்டவில்லை. கீறலில் சிக்கிக்கொண்டு அந்த வரியையே திரும்பத் திரும்பப் பாடியது.

"பசிச்ச சனமே, வந்து உட்காரு... பசிச்ச சனமே, வந்து உட்காரு..."

மிச்சச் சோற்றுக்காகத் தூக்குச்சட்டியோடு வெளியே நின்ற வீரம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பந்தலுக்குக் குழி தோண்டியவள் அவள். எந்தப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரோ ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஏக்கா, நம்மளையா கூப்புடுது?" என்றாள் பக்கத்தில் நின்ற காளி.

"பின்ன, தின்னுட்டு ஏப்பம் விடுறவுகளையா கூப்புடும்?"

"டேய் சேசு, ஊசியத் தூக்குடா!" என்று பண்ணையார் கத்தினார்.

"தூக்கத்தான் பாக்குறேன் ஐயா, கை வர மாட்டேங்குது."

குழாயில் பாடிய குரல் மூச்சு வாங்கவில்லை, சலிக்கவும் இல்லை. வீரம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தலுக்குள் நுழைந்தாள். ஆளில்லாத ஓர் இலைக்கு முன்னால் மெல்ல, மிக மெல்ல முழங்காலை மடக்கினாள். பரிமாறுகிறவன் கரண்டி நிறையச் சோற்றோடு பண்ணையாரைப் பார்த்தான். பிறகு அண்ணாந்து அந்தக் குழாயைப் பார்த்தான்.